ஆஸ்திரேலியாவில் சிரிப்புப் பாட்டும் புஷ் கவிதையும் சொல்லியே வாழ முடியுமா?

கேள்வி இதுதான்: ஆஸ்திரேலியக் கிராமப்புறங்களில் நகைச்சுவையான கன்ட்ரி பாட்டு (கிட்டாரோடு பாடும் கிராமியப் பாணிப் பாட்டு) பாடி, புஷ் கவிதை சொல்லி, அதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களாமே? மேடையில் அப்படி என்ன செய்கிறார்கள், வருமானம் எப்படி, புதிதாக ஒருவர் எங்கே தொடங்குவது?

இருக்கிறார்கள். ஒரு கிட்டார், அகல விளிம்புத் தொப்பி, மனப்பாடமாக இருபது முப்பது செய்யுள், பத்துப் பதினைந்து பாட்டு, ஒரு வண்டி, அதன் பின்னால் கேரவன். முதலீடு இவ்வளவுதான். ஆனால் இந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கோணல் தொப்பியும் கொச்சைப் பேச்சும் சிரிப்பைக் கொண்டுவருவதாக நினைக்கிறார்கள். சிரிப்பு வருவது சந்தத்திலிருந்து. சந்தம் தவறினால் எவ்வளவு நல்ல நகைச்சுவையும் தரையில் விழும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

'புஷ்' என்று அங்கே சொல்வது காட்டை மட்டுமல்ல, நகரத்தைத் தாண்டிய எல்லாவற்றையும்: செம்மறிப் பண்ணை, மாட்டு மேய்ச்சல் நிலம், ஒற்றை மதுக்கடை ஊர், செம்மண் சாலை. அந்த வாழ்க்கையைக் கதையாகச் சொல்லும், சந்தமும் இயைபும் பிசகாத செய்யுள்தான் புஷ் கவிதை. 1880-ல் சிட்னியில் தொடங்கிய 'தி புல்லட்டின்' இதழ்தான் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. பாஞ்சோ பேட்டர்சனும் ஹென்றி லாசனும் அதில் எழுதித்தான் பெயர் பெற்றார்கள். ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகைகளில், படித்தவர் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். அச்சில் வந்தாலும் காதுக்கென்றே கட்டப்பட்ட கவிதை அது. கன்ட்ரி பாட்டுக்கும் இதற்கும் இடையே சுவர் கிடையாது. ஸ்லிம் டஸ்டி 1957-ல் பதிவு செய்து பெரும்புகழ் பெற்ற பீர் தீர்ந்த மதுக்கடைப் பாட்டுக்கு மூலம், 1940-களில் வட குயின்ஸ்லாந்தின் இங்காம் பகுதியில் டான் ஷீஹான் எழுதிய ஒரு செய்யுள். சிரிப்புப் பக்கத்துக்கு முன்னோடி சாட் மார்கன். 1933-ல் பிறந்தவர், 1952-ல் முதல் பதிவு, முன்பல் துருத்திய சிரிப்பே அவருடைய அடையாளம். 2025-ன் முதல் நாளில் காலமாகும்வரை அந்தத் துறைக்கு அவர்தான் அளவுகோல்.

இனி சந்தம். தமிழில் நேரசை, நிரையசை பார்க்கிறோம். ஆங்கிலத்தில் குரல் எந்த அசையில் அழுந்துகிறது என்பதுதான் கணக்கு. புஷ் கவிதையில் அதிகம் புழங்கும் அடிக்கு 14 அசை, அதில் 7 அழுத்தம். ட-டம், ட-டம் என்று குதிரை நடையில் போகும். இதை விளக்குவதற்கென்றே கட்டிய இரண்டு அடிகள் இதோ:

தி ட்ராக் வாஸ் டிரை, தி டேம் வாஸ் டிரை, தி பப் வாஸ் டிரையர் ஸ்டில்,
அண்ட் டேட் ஹேட் கான் டு டவுன் ஃபார் ரெயின் அண்ட் லெஃப்ட் அஸ் வித் த பில்.

பாதையும் காய்ந்தது, குட்டையும் காய்ந்தது, மதுக்கடை அதைவிடக் காய்ந்து கிடந்தது. அப்பா மழை வாங்கிவர டவுனுக்குப் போனார், பில்லை எங்கள் தலையில் கட்டிவிட்டு. பொருள் அவ்வளவுதான்.

முதல் அடி 'ஸ்டில்' என்று முடிந்ததுமே கேட்பவர் காது 'இல்' ஓசைக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடும். அது எப்போது வரும் என்பது அவருக்குத் தெரியும், எந்தச் சொல்லாக வரும் என்பது தெரியாது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது. 'பில்' கடைசி அசையில், கடைசி அழுத்தத்தில் விழுகிறது. அதையே 'லெஃப்ட் த பில் வித் அஸ்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சேதி ஒன்றுதான், சிரிப்பு போய்விடும். இன்னொன்றையும் கவனியுங்கள். நடுவில் 'மழைக்காக டவுனுக்குப் போனார்' என்று ஒரு சின்னக் குறும்பு இருக்கிறது. அது புன்னகைக்குப் போதும், அதற்கு மேல் போகக்கூடாது. நடுவில் பெருஞ்சிரிப்பு எழுந்தால் அந்த இரைச்சலில் அடியின் முடிவு யாருக்கும் கேட்காது.

புதியவர்கள் எழுதும் செய்யுளில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும். அசை போதாத இடத்தில் 'ஜஸ்ட்', 'தென்' என்று வைக்கோல் திணிப்பது முதலாவது. இயைபுக்காகப் பேச்சு வழக்கைத் தலைகீழாகத் திருப்புவது இரண்டாவது. எந்த மாட்டுக்காரனும் வாழ்நாளில் சொல்லியிருக்காத வாக்கியம் அவன் வாயில் வந்தால் கேட்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். மூன்றாவதுதான் மோசம்: சொல்லின் இயல்பான அழுத்தத்தை வளைப்பது. ஆங்கிலத்தில் 'கங்காரு' என்ற சொல்லில் பலத்த அழுத்தம் கடைசி 'ரூ'-வில். அதை அடியின் முடிவில் வைத்தால் தானாக உட்காரும். 'ரூ' அழுத்தமில்லாத அசையின் இடத்தில் வரும்படி வைத்தால், சொல்கிறவர் தடுமாறுவார், கேட்பவர் ஏன் என்று தெரியாமலே கதையிலிருந்து வெளியே வந்துவிடுவார். சோதிக்க எளிய வழி: செய்யுளை அறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து முதல் பார்வையிலேயே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கிய இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். நீங்களே வாசித்தால் பிழையைக் குரலால் மூடிவிடுவீர்கள்.

நேரக் கணக்கு இப்படி. 14 அசை அடி ஒன்றைச் சொல்லச் சுமார் 4 நொடி. எட்டடிக் கண்ணி அரை நிமிடம். 80 அடி என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல், சிரிப்பு இடைவெளி தனி. சிரிப்புச் செய்யுளுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் நல்லது. பேட்டர்சன் 1890-ல் எழுதிய புகழ்பெற்ற குதிரைத் துரத்தல் கவிதை 13 கண்ணி, 104 அடி. அது தாங்குவதற்குக் காரணம் அது துரத்தல் கதை, மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறது. 104 அடிக்கு ஒரு நகைச்சுவையை இழுத்தால் கூட்டம் பீர் வாங்க எழுந்துவிடும்.

மனப்பாடம் கட்டாயம். பல போட்டிகளில் தாளைப் பார்த்துச் சொல்ல விடமாட்டார்கள். மற்ற மேடைகளிலும் தாளுக்குக் குனிகிற கண் கூட்டத்தை இழந்துவிடும். நல்ல வழி பின்னாலிருந்து படிப்பது. கடைசிக் கண்ணியை முதலில், அப்புறம் அதற்கு முந்தியது, அதோடு சேர்த்துக் கடைசி. இப்படிப் போனால் மேடையில் சொல்லச் சொல்ல மேலும் உறுதியான பகுதிக்குள் நுழைகிறீர்கள். முன்னாலிருந்து படித்தவர்களுக்கு முதல் பாதி கல்லாகவும் பின்பாதி மணலாகவும் இருக்கும். இயைபுச் சொற்களை மட்டும் தனியாக வரிசைப்படுத்திச் சொல்லிப் பழகுங்கள், அவைதான் தூண்கள். பிறகு வானொலியை ஓடவிட்டுக்கொண்டு சொல்லுங்கள், பாத்திரம் கழுவிக்கொண்டு சொல்லுங்கள், இரட்டை வேகத்தில் சொல்லுங்கள். கவனம் பாதி வேறெங்கோ இருக்கும்போதும் வாய் தானாகப் போகவேண்டும். மேடையில் மறந்துபோனால் மன்னிப்புக் கேட்டு நிற்காதீர்கள். அடுத்த கண்ணியின் முதல் அடிக்குத் தாவிவிடுங்கள். எட்டடி காணாமல் போனது பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது.

சொல்லும்போது ஊஞ்சல் ஓசை வந்துவிடும் ஆபத்து உண்டு. ஒவ்வோர் அடி முடிவிலும் குரலை இறக்கினால் மூன்றாவது நிமிடத்தில் கூட்டம் தூங்கும். வாக்கியம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள், அடி முடிகிற இடத்தில் அல்ல. சந்தம் அடியில் தானாக ஓடிக்கொண்டிருக்கும், அதைக் கையால் தட்டிக்காட்ட வேண்டியதில்லை. சிரிப்பு எழுந்தால் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும்வரை காத்திருந்து, அடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அடுத்த அடியை எடுக்கவேண்டும். முழுக்க அடங்கவிட்டால் கூட்டத்தை மறுபடி அடியிலிருந்து தூக்க வேண்டியிருக்கும்.

45 நிமிட நிகழ்ச்சிக்கு நான்கு பாட்டு, நான்கு செய்யுள், மீதி யார்ன். யார்ன் என்பது உண்மைபோலத் தொடங்கி மெல்ல மெல்லப் புளுகாகப் போகும் வாய்க்கதை. முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லவேண்டும். திட்டத்தை 38 நிமிடத்துக்குப் போட்டால் போதும், மீதியைச் சிரிப்பும் கைதட்டலும் எடுத்துக்கொள்ளும். முதலில் குட்டையான, உறுதியான பாட்டு. நீண்ட செய்யுளை நடுவில் வையுங்கள். சிரிப்பின் நடுவே ஒரே ஒரு கனமான செய்யுள் வேண்டும்: வறட்சி, வெள்ளம், போருக்குப் போன மகன். அரை மணி நேரம் சிரித்த கூட்டம் அப்போது அமைதியாகும் விதத்தை எந்தச் சோகக் கச்சேரியிலும் பார்க்க முடியாது. அதற்கு அடுத்ததாக உடனே சிரிப்பு வைக்காதீர்கள், ஒரு மெல்லிய பாட்டு வந்து போகட்டும்.

யாரைக் கேலி செய்வது என்பதிலும் கறாரான ஒழுக்கம் உண்டு. மூன்றாவது ஆண்டாக மழை பொய்த்த ஊரில் வறட்சியைக் கேலி செய்யலாம், வறட்சியில் மாட்டை விற்றவரைக் கேலி செய்யக்கூடாது. மேடைப் பாத்திரம் தானே முட்டாளாக நிற்கும்வரை கூட்டம் பக்கத்தில் இருக்கும். உள்ளூர் மதுக்கடைக்காரர் பெயரைச் செருகிக்கொள்வது பழைய உத்தி, இன்றும் வேலை செய்கிறது. ஆனால் அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். பூர்வகுடி மக்களையும் பெண்களையும் மட்டம்தட்டும் பழைய செய்யுள்கள் இந்த மரபில் நிறைய உண்டு. அவற்றை மேடைக்குக் கொண்டுவரவே கூடாது.

மேடைச் சாமான்களில் தனியாகச் சொல்லவேண்டியது லாகர்ஃபோன். பீர் மூடிகளை ஆணியடித்த கோல், ஆஸ்திரேலிய புஷ் இசைக்குழுக்களின் தாளக்கருவி. கையிலேயே செய்யலாம். ஒன்றரை மீட்டர் உயரத்தில் தடித்த துடைப்பக் கம்பு, மேல்பக்கம் அரை மீட்டர் நீளக் குறுக்குச் சட்டம் ஒன்று, நூறிலிருந்து நூற்றைம்பது மூடி. மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் வட்டத்தைச் சூடுகாட்டிப் பிய்த்து எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் ஓசை மழுங்கும். ஓர் ஆணிக்கு இரண்டு மூடி, துளை ஆணியைவிட நன்றாகப் பெரிதாக இருக்கட்டும், ஆணித் தலைக்குள் அடங்கினால் போதும். 3 மில்லிமீட்டர் ஆணிக்கு 5 மில்லிமீட்டர் துளை சரி. ஆணியை முழுக்க அடிக்காமல் மூடிகள் குதிக்க ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். ஆணி நாளடைவில் தளர்ந்து மேடையில் தெறிக்கும், தட்டைத்தலைத் திருகாணி நீடிக்கும். அடியில் கைத்தடிக்குப் போடும் ரப்பர் குமிழ். நான்கு எண்ணும் தாளத்தில் ஒன்றிலும் மூன்றிலும் தரையில் இடி, இரண்டிலும் நான்கிலும் வெட்டுத்தடம் போட்ட குச்சியால் கம்பில் அடி. உள்ளே வெற்றிடமான மரமேடையில் ஒவ்வோர் இடியும் மைக் ஸ்டாண்ட் வழியாக ஒலிபெருக்கியில் பூதம்போல் கேட்கும். ஸ்டாண்டுக்கு அடியிலும் கோலுக்கு அடியிலும் கம்பளத் துண்டு போட்டால் தீரும்.

தொப்பிக்கும் மைக்குக்கும் எப்போதும் தகராறு. அகல விளிம்பு ஒலிபெருக்கிச் சத்தத்தை முகத்துக்குத் திருப்பி மைக்கில் விழவைக்கும், தலை குனிந்தால் வீறிடும். மேல்விளக்கு இருந்தால் விளிம்பின் நிழல் கண்ணை மறைக்கும். கண் நிழலில் மறைந்துபோன சிரிப்பு நடிகரைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள். தொப்பியை இரண்டு விரல் பின்னுக்குத் தள்ளினால் இரண்டும் சரி. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், 'ப' ஓசை வெடிக்காது. செய்யுளில் கை வேண்டும், ஆகவே கைமைக்கைவிட ஸ்டாண்டோ தலையில் மாட்டும் மைக்கோ நல்லது.

கிட்டாருக்கு உள்நாட்டு வறண்ட காற்றுதான் எமன். 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்துக்குக் கட்டிய மரம், அதற்கு வெகுவாகக் கீழே இறங்கினால் சுருங்கி வெடிக்கும். பெட்டிக்குள் ஈரப் பஞ்சுக் குழாய் வையுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒருநாளும் விடாதீர்கள். உள்ளே 60 டிகிரியைத் தாண்டும்போது தந்திகளைப் பிடித்திருக்கும் பாலத்தை (பிரிட்ஜ்) ஒட்டிய பசை இளகி, தந்தியின் இழுப்பில் பாலம் எழும்பிவிடும்.

ஆண்டு முழுவதும் எங்கே இருப்பது என்பதைத் தீர்மானிப்பது வெயில். ஜனவரியில் எல்லோரும் நியூ சவுத் வேல்ஸின் டாம்வொர்த்தில். சிட்னியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கோல்டன் கிட்டார் விருதுகள் 1973-ல் தொடங்கின. அதைச் சுற்றி வளர்ந்த விழா இன்று பத்து நாள். பீல் தெரு நெடுகத் தெருப்பாடகர்கள், காலையில் புஷ் கவிஞர் நிகழ்ச்சிகள். மே முதல் செப்டம்பர் வரை குயின்ஸ்லாந்து உட்பகுதி: லாங்ரீச், வின்டன். குளிர்காலத்தில் தெற்கிலிருந்து கேரவனோடு வடக்கே கிளம்பும் ஓய்வுபெற்றவர்களை அங்கே 'கிரே நோமாட்' என்பார்கள். இந்தத் தொழிலின் முதுகெலும்பே அவர்கள்தான். கேரவன்கள் தங்கும் பூங்காவின் உரிமையாளர் ஒரு கலைஞரைப் பல வாரங்களுக்கு அமர்த்தி மாலைதோறும் நிகழ்ச்சி நடத்துவார். இடம், மின்சாரம் இலவசமாகக் கிடைக்கலாம், காசு தட்டிலும் விற்பனையிலும் வரும். கூட்டம் இரண்டு மூன்று நாளில் மாறிவிடுவதால் அதே நிகழ்ச்சியைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற இதைவிட நல்ல பள்ளி கிடையாது.

சாலையில் ஒரே விதி: அந்தி சாய்வதற்குள் வண்டியை நிறுத்துங்கள். கங்காரு மேய வரும் நேரம் அந்தியும் விடியலும். குயின்ஸ்லாந்து உட்பகுதியில் சரக்கு ரோடு-ட்ரெயின் 53.5 மீட்டர் நீளம்வரை இருக்கும். கேரவன் இழுத்துக்கொண்டு அதை முந்த ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெற்றுச் சாலை கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பின்னாலேயே போங்கள். இரவு நிகழ்ச்சி முடித்து அடுத்த ஊருக்குக் கிளம்பும் ஒப்பந்தத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணம் ஒரே குழாயிலிருந்து வராது. விழாக்கள் நிலையான தொகை தருவார்கள், சிறு மன்றங்களில் நுழைவுச்சீட்டில் பங்கு. சிடி இன்னும் விற்கிறது, ஏனென்றால் கேட்பவர்களின் வயது அப்படி, பல வண்டிகளில் சிடி வைக்கும் இடம் இருக்கிறது. செய்யுள் புத்தகமும் பீர் போத்தலைச் சுற்றும் ஸ்டப்பி ஹோல்டரும் அதைவிட நன்றாகப் போகும். நிகழ்ச்சி முடிந்த பத்து நிமிடத்துக்குள் விற்பனை மேசைக்குப் போய்விடுங்கள், கிட்டாரை அப்புறம் மூடிக்கொள்ளலாம்.

காகித வேலை: ஏபிஎன் என்ற ஆஸ்திரேலியத் தொழில் பதிவு எண் இல்லாவிட்டால் பணம் தருகிறவர் 47 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆகவே முதல் நாளே வாங்குங்கள். ஆண்டு வரவு 75,000 டாலரைத் தொட்டால் ஜிஎஸ்டி பதிவு. பல நகராட்சிகள் 1 கோடி அல்லது 2 கோடி டாலருக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு கேட்கும். பள்ளி நிகழ்ச்சிகளுக்குக் குழந்தைகளோடு பணிபுரியும் அனுமதி, மாநிலத்துக்கு மாநிலம் தனி. பலருக்குத் தெரியாத ஒன்று: மேடையில் நிகழ்த்துவதற்காக ஒருவரை நேரடியாக அமர்த்திப் பணம் தந்தால், ஒப்பந்தக்காரராகவே இருந்தாலும், ஓய்வூதியச் சேமிப்புச் சட்டம் அவரைப் பணியாளராகக் கருதுகிறது. அந்தச் சேமிப்புக்கான தொகையைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சொந்தப் பாட்டுகளை மேடையில் பாடினால், பாட்டு எழுதுகிறவர்களுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஏப்ரா அமைப்பில் பட்டியல் கொடுங்கள், உரிமைத்தொகை வரும். இசையில்லாமல் சொல்லும் செய்யுளுக்கு அந்தத் தொகை கிடையாது. பிறர் செய்யுளைச் சொல்வதானால், 1955-க்கு முன் இறந்தவர்கள் வாழ்நாளில் வெளியிட்டவை ஆஸ்திரேலியாவில் பொதுச்சொத்து. 1941-ல் மறைந்த பேட்டர்சனும் 1922-ல் மறைந்த லாசனும் அதில் அடக்கம். உயிரோடு இருப்பவரின் செய்யுளுக்கு அனுமதி கேட்டு, மேடையில் அவர் பெயரைச் சொல்லவேண்டும். இதில் தவறுகிறவரை அந்தச் சின்ன உலகம் மறக்காது. புகழ்பெற்ற மெட்டில் சொல்லை மாற்றிப் பாடும் பகடிக்குச் சட்டத்தில் 2006-ல் இடம் வந்தது. ஆனாலும் பதிவு செய்து விற்குமுன் மெட்டின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதே பாதுகாப்பு.

தொடங்குவதற்குச் சரியான இடம் 'போயட்ஸ் பிரேக்ஃபாஸ்ட்'. கிராம விழாக்களில் காலை எட்டு மணிவாக்கில் முட்டையும் பன்றிக்கறியும் வாசம் அடிக்க, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஒரு செய்யுள் சொல்லலாம். ஒரு பழைய செய்யுளும் சொந்தமாக மூன்று நிமிடச் செய்யுள் ஒன்றும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெயரை முதல் மூன்று இடத்துக்குள் கொடுக்காதீர்கள், கூட்டத்தின் தட்டில் அப்போதுதான் சாப்பாடு விழுந்திருக்கும். உங்களுக்கு முன்னால் சொல்கிறவர் உங்கள் பழைய செய்யுளையே எடுத்துவிடக்கூடும். அதற்காக இன்னொன்றும் மனப்பாடமாக இருக்கட்டும்.